எந்தக் கோடு நீளம் மாறாமல் இருக்க வேண்டும்?

(அச்சகத் தொழிலில் இருப்போரும் வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



ஒரு படத்தை வளைப்பது இன்று அரை நிமிட வேலை. ஃபோட்டோஷாப்பில் வார்ப் இருக்கிறது, ஜிம்ப்பில் கர்வ் பெண்ட் இருக்கிறது, நம் ஊர் டிடிபி மேசைகளில் என்றும் குறையாத கோரல்டிராவில் என்வலப் இருக்கிறது. மௌஸால் ஒரு கோட்டைப் பிடித்து இழுத்தால் படம் பின்னாலேயே வந்துவிடுகிறது. இத்தனை சுலபமாக வருவதாலேயே, வளையும்போது படத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கண்ணுக்குச் சரியாகப் படும்வரை இழுக்கிறோம். அச்சாகி வந்த பிறகு எழுத்து ஒருபக்கம் மெலிந்தும் இன்னொரு பக்கம் பருத்தும் நிற்கிறது. இழுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இதோ, என் கையில் நீளமான ஓர் அழிரப்பர். இதன் பக்கவாட்டில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே நீளத்தில் மூன்று கோடுகள் பேனாவால் போட்டிருக்கிறேன். வில்போல வளைக்கிறேன், பாருங்கள். மேல்கோடு நீண்டுவிட்டது. கீழ்க்கோடு சுருங்கிவிட்டது. நடுக்கோடு மட்டும் ஏறக்குறைய இருந்தபடி இருக்கிறது. ரப்பரில் எந்தக் கோடு மாறாமல் இருக்கும் என்பதை ரப்பரின் இயல்பு முடிவு செய்கிறது. திரையில் இருக்கும் படத்துக்கு அப்படி ஓர் இயல்பு கிடையாது. அங்கே முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். நீங்கள் செய்யாவிட்டால் மென்பொருள் தன் போக்கில் செய்துவிடும்.

கணக்காகவே பார்ப்போம். 1000 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் உள்ள ஒரு தலைப்புப் பட்டை. அதை அரைவட்டமாக வளைக்க வேண்டும். நடுக்கோடு 1000 பிக்சலாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் அதன் ஆரம் சுமார் 318 பிக்சல் வரும். அப்படியானால் வெளிவிளிம்பின் ஆரம் 418, அதன் நீளம் 1314 பிக்சல். உள்விளிம்பின் ஆரம் 218, நீளம் 686. ஒரே படத்தின் தலை 31 சதவீதம் இழுபட்டிருக்கிறது. கால் 31 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இது கருவியின் குறை அல்ல. எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. மாற்ற முடிந்தது ஒன்றுதான்: 1000 என்ற எண்ணை எந்தக் கோட்டுக்குக் கொடுப்பது என்பது. கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக்கில் ஆர்க் என்று சொன்னால் அது தானாகவே படத்தின் நடுக்கோட்டை நீளம் மாறாமல் காக்கப் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் படத்தில் முக்கியமான எழுத்து கீழ்விளிம்பை ஒட்டி இருந்தால் நடுக்கோட்டைக் காப்பாற்றி என்ன பயன்?

இதே பட்டையை முழு வட்டமாகச் சுற்றினால் நடுக்கோட்டின் ஆரம் 159 ஆகக் குறையும். உள்விளிம்புக்கு மிஞ்சுவது 59 பிக்சல் ஆரமும் 372 பிக்சல் நீளமும்தான். பட்டையின் உயரம் 200க்குப் பதில் 318 ஆக இருந்தால் உள்விளிம்பு முழுவதும் ஒரே புள்ளியில் போய்க் குவிந்துவிடும். அதற்கும் மேல் உயரம் போனால் படம் தன்மேலேயே மடியும். வளைவின் ஆரம் படத்தின் பாதி உயரத்தைவிடச் சிறியதாக எங்கே ஆகிறதோ அங்கே மடிப்பு விழும். திரையில் ஒரு மூலையில் திடீரென்று படம் கசங்கித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி வளைப்பதில் உள்ள இரண்டு வகைகளுக்கு வருகிறேன். இவற்றைக் குழப்பிக்கொள்வதால் கெடுகிற வேலைகள்தான் அதிகம் என்பது என் எண்ணம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

முதல் வகையில், படம் ஒரு பிக்சல் அகலமுள்ள செங்குத்துப் பட்டைகளாகப் பிரிந்துகொள்கிறது. ஒவ்வொரு பட்டையும் வளைகோட்டுக்கு ஏற்ப மேலேயோ கீழேயோ நகர்கிறது. எந்தப் பட்டையும் சாய்வதில்லை. ஜிம்ப்பின் கர்வ் பெண்ட் இதைத்தான் செய்கிறது. அந்தச் சாளரத்தில் மேல்விளிம்புக்கு ஒரு கோடு, கீழ்விளிம்புக்கு ஒரு கோடு என்று இரண்டைத் தனித்தனியாக வரையலாம். ஒவ்வொரு பட்டையும் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே பொருந்தும்படி நீளும் அல்லது குறுகும். ஃபோட்டோஷாப்பின் பழைய ஷியர் ஃபில்டரும் இதே குடும்பம்தான். அது படுக்கை வரிசைகளைப் பக்கவாட்டில் தள்ளும்.

இரண்டாம் வகையில் பட்டைகள் கோட்டோடு சேர்ந்து திரும்புகின்றன. வளைகோட்டின் ஒவ்வோர் இடத்திலும் பட்டை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும். கோடு ஏறும் இடத்தில் எழுத்தும் சாய்ந்து ஏறும். ரப்பரில் நாம் பார்த்தது இந்த வகை.

ஃபோட்டோஷாப்பின் வார்ப் பட்டியலில் இரண்டுமே அருகருகே இருக்கின்றன. ஆர்க் என்பது திரும்பி வளைவது. ஆர்ச் என்பது திரும்பாமல் மேலே எழும்புவது. அதில் இடது வலது விளிம்புகள் செங்குத்தாகவே நிற்கும். பெயரில் உள்ள ஒற்றுமையால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தொட்டுவிட்டு, ஏன் இப்படி வருகிறது என்று திகைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வகைக்கு ஒரு விலை உண்டு. கோடு 45 பாகை சாய்வில் ஏறும் இடத்தில் படம் கோட்டின் போக்கில் 1.41 மடங்கு நீள்கிறது; கோட்டுக்குக் குறுக்கே அதன் கனம் 0.71 மடங்காகக் குறைகிறது. 60 பாகையில் நீளம் இரு மடங்கு, கனம் சரிபாதி. பரப்பளவு மட்டும் மாறுவதில்லை. சாய்வு 20 பாகைக்குள் இருந்தால் கனம் 6 சதவீதம்தான் குறையும். கண் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே மெல்ல அலையும் ஒரு கொடி, லேசாக எழும்பி இறங்கும் ஒரு பெயர்ப்பலகை இவற்றுக்கு முதல் வகையே அழகு. எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும், படிக்கச் சுலபம். செங்குத்தாக ஏறி இறங்கும் அரைவட்டத்துக்கு அதைக் கொண்டுபோனால் நடுவில் இருக்கும் எழுத்து திடமாகவும் ஓரத்தில் இருக்கும் எழுத்து நூலாகவும் வரும். அரைவட்டம் என்றால் இரண்டாம் வகைதான், யோசிக்கவே வேண்டாம்.

தமிழ் எழுத்தை வளைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேல்நோக்கி வளைந்த வாக்கியத்தில் தலைப்பக்கம் விரியும், கால்பக்கம் நெருங்கும். நம் எழுத்துகளில் கு, டு, ரு, று, மு என்று கீழே இறங்கும் உறுப்புகள் நிறைய. வரிசையாக இரண்டு மூன்று வந்துவிட்டால் அந்த உறுப்புகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். இப்படிப்பட்ட சொற்களுக்கு நீளம் மாறாத கோடாக நடுக்கோட்டை வைக்காதீர்கள். எழுத்தின் அடிக்கோட்டுக்கும் கீழே இறக்கி வையுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விரியட்டும், பரவாயில்லை. மேலே புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும்தான் இருக்கின்றன, அவற்றுக்கு இடம் கிடைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எழுத்தை வளைக்காமல் வளைகோட்டின் மேல் வரிசையாக நிற்க வைப்பது இன்னொரு வழி. அதில் ஒவ்வோர் எழுத்தும் உருமாறாமல் முழுதாகத் திரும்பி நிற்கும். பெரிய ஆரத்துக்கு அது நல்ல வழி. ஆனால் ஞ, ண, ணை போன்ற அகலமான எழுத்துகள் சிறிய வட்டத்தில் கோட்டைத் தொட்டும் தொடாமலும் விறைத்துக்கொண்டு நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது மூன்று தனித்தனி உருவங்கள். கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஆளுக்கொரு கோணத்தில் திரும்பிவிடும். அப்போது சொல்லை முதலில் கர்வாக மாற்றி, ஒரே பொருளாகத் தொகுத்து, என்வலப்பில் வளைப்பதே மேல்.

இவ்வளவு நேரம் கோடு, கோடு என்று சொல்லிவந்தேன். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பது சுவையான வரலாறு. திரையில் இரண்டு முனைகளும் இரண்டு கைப்பிடிகளும் கொண்ட வளைகோட்டைப் பிடித்து இழுக்கிறீர்களே, அது பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் பால் டி காஸ்டல்ஜோ 1959இல் இதற்கான முறையைக் கண்டறிந்தார். நிறுவனம் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்துக்கொண்டது. போட்டி நிறுவனமான ரெனால்ட்டில் பியர் பெசியே என்ற பொறியாளர் 1960களில் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், வெளியிட்டும் விட்டார். அதனால் உலகம் அதைப் பெசியே வளைகோடு என்றே அழைக்கிறது. காஸ்டல்ஜோவின் பெயர் அந்தக் கோட்டைக் கணக்கிடும் வழிமுறைக்கு வந்து சேர்ந்தது. காரின் உடற்பகுதி வளைவை வரைபடத்திலிருந்து இயந்திரத்துக்குப் பிழையில்லாமல் கொண்டுபோவதுதான் இருவரின் கவலையும். ஃபோட்டோஷாப்பில் 2005இல் சிஎஸ்2 பதிப்போடு வந்த வார்ப், இந்தக் கோட்டைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்த ஒரு பரப்பு. நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டுப்பாட்டுப் புள்ளிகள்.

காருக்குத் தேவைப்பட்டது கோட்டின் உருவம். நமக்கு உருவத்தோடு இன்னொன்றும் வேண்டும்: கோட்டின் மேல் படம் சீராகப் பரவ வேண்டும். பெசியே கோட்டில் ஒரு பொறி இருப்பது இங்கேதான். ஒரு நேர்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கைப்பிடிகளையும் இழுத்துக் கொண்டுபோய் அந்தந்த முனையின் மேலேயே வைத்துவிடுங்கள். பார்வைக்கு அதே நேர்கோடுதான். ஆனால் அதன் மேல் படத்தைப் பரப்பினால், படத்தின் முதல் கால் பங்கு கோட்டின் முதல் 16 சதவீதத்துக்குள் நெருக்கப்பட்டுவிடும். கடைசிக் கால் பங்குக்கும் அதே கதி. நடுப்பகுதி ஒன்றரை மடங்குவரை இழுபடும். கோடு வளையவே இல்லை, படம் மட்டும் கோணலாகிவிட்டது! கைப்பிடிகள் இரண்டும் கோட்டை மூன்று சம பங்காகப் பிரிக்கும் இடத்தில் இருந்தால் இந்தக் கோளாறு வராது. மெல்லிய வளைவுகளுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். ஆகவே கைப்பிடியை இழுக்கும்போது அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதோடு எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வடிவமைப்பு மாணவர்கள் இதற்கு ஒரு சோதனை செய்யலாம். வளைக்கப்போகும் படத்தின் மேல் ஒரு லேயரில் சம கட்டங்கள் போட்டு, இரண்டையும் சேர்த்தே வளையுங்கள். எந்தக் கட்டம் பெருத்தது, எது சிறுத்தது என்று கட்டங்களே சொல்லிவிடும். வேலை முடிந்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

அடுத்தது பிக்சல்களின் பாடு. அரைவட்டமாக வளைத்த பட்டையின் வெளிவிளிம்பில் 1314 இடங்கள் இருக்கின்றன. நம் கையில் இருப்பது 1000 பிக்சல். ஒவ்வொன்றையும் அதன் புது இடத்தில் கொண்டுபோய் வைத்தால் 314 இடங்கள் வெறுமையாகக் கிடக்கும். அதனால் மென்பொருள் பின்னோக்கிப் போகிறது. புதுப் படத்தின் ஒவ்வோர் இடத்திலும் நின்றுகொண்டு, இங்கே வர வேண்டிய நிறம் பழைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. விடை முழு எண்ணாக வருவது அபூர்வம். 412க்கும் 413க்கும் நடுவில் எங்கோ என்று வரும். அருகில் உள்ளதை அப்படியே எடுத்தால் விளிம்புகள் படிக்கட்டாகும். சுற்றியுள்ள நான்கைக் கலந்தால் மென்மையாகும். பதினாறைக் கலந்தால் மென்மையோடு கூர்மையும் ஓரளவு நிற்கும். உள்விளிம்பில் சிக்கல் தலைகீழ்: 1000 பிக்சல் 686 இடங்களில் அடைய வேண்டும். பட்டுக்கரையின் நுண்ணிய கோடுகள் போன்றவை அங்கே இருந்தால், சரியாகச் சராசரி எடுக்காத மென்பொருளில் இல்லாத அலைகள் தோன்றும். பால் ஹெக்பர்ட் 1989இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேடு இந்தச் சராசரியை எப்படி எடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது. அவர் வழிவந்த முறையை இமேஜ்மேஜிக் இன்றும் பயன்படுத்துகிறது.

இதில் நம் மேசைக்குத் தேவையானது: ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் இந்தக் கலப்பு ஒருமுறை நடக்கிறது, படம் ஒரு சுற்று மங்குகிறது. கொஞ்சம் வளைத்து, பிடிக்காமல் மறுபடி வளைத்து, பிறகு திருப்பி, பிறகு சிறிதாக்கினால் நான்கு முறை மங்கிவிட்டது. எப்போதும் மூலத்திலிருந்தே, ஒரே தடவையில் வளையுங்கள். ஃபோட்டோஷாப்பில் முதலில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டால் எத்தனை முறை கோட்டை இழுத்தாலும் கணக்கு மூலத்திலிருந்தே தொடங்கும். ஜிம்ப்பின் கர்வ் பெண்ட் சாளரத்தில் பிரதியின் மேல் வேலை செய்யச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை எப்போதும் இயக்கியே வைத்திருங்கள்.

அச்சக நண்பர்களுக்குப் பேப்பர் கப் ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாயின் விட்டம் 8 செ.மீ., அடியின் விட்டம் 6 செ.மீ., சாய்வுயரம் 10 செ.மீ. இதைப் பிரித்து விரித்தால் செவ்வகம் வராது. 36 பாகை விரிந்த ஒரு விசிறித் துண்டு வரும். அதன் வெளி ஆரம் 40 செ.மீ., உள் ஆரம் 30 செ.மீ. மேல்விளிம்பு 25.1 செ.மீ., கீழ்விளிம்பு 18.8 செ.மீ., நடுவில் 22 செ.மீ. இந்தத் தாளில் ஒரு வாசகத்தை நேராக அடித்துவிட்டால், கோப்பையாகச் சுற்றியதும் அது நடுவில் தொய்ந்து இரு பக்கமும் மேலேறும். சுற்று முழுவதும் ஓடும் வரியானால் ஒட்டுமிடத்தில் சுமார் 1.8 செ.மீ. ஏறியிருக்கும். எனவே படத்தை 22க்கு 10 செ.மீ. அளவில் நேராக வரைந்து, 36 பாகைக்கு ஆர்க் முறையில் வளைக்க வேண்டும். நடுக்கோடு நீளம் மாறாமல் நிற்கும். ஆனால் வாடிக்கையாளரின் முத்திரை அடிப்பக்கம் வருவதாக இருந்தால், முத்திரை இருக்கும் உயரத்தில் கோப்பையின் சுற்றளவு என்னவோ அதையே அகலமாக வைத்து வரையுங்கள். வட்ட முத்திரை வட்டமாகவே வரும். கடையில் அந்தக் கோப்பையைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தானே?

கடைசியாக, வளைந்ததை நிமிர்த்துவது. என் மனம் அதிகம் ஈடுபட்டிருப்பது இதில்தான். பழைய தமிழ் நூல்களைப் படமெடுத்துக் காக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. தடிமனான புத்தகத்தைத் திறந்து மேலிருந்து படமெடுத்தால் பக்கம் முதுகுத் தையலை நோக்கிச் சரிந்து இறங்கும். படத்தில் மேல்வரிகளும் கீழ்வரிகளும் தையல் பக்கம் உள்நோக்கி வளைந்து தெரியும். கர்வ் பெண்ட்டில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று பார்த்தோமே, இங்கே அந்த இரண்டு கோடுகளையும் பக்கமே வரைந்து கொடுத்துவிடுகிறது. அவற்றின் எதிர்த்திசையில் வளைத்தால் வரிகள் நேராகிவிடும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வரி நேரானதே தவிர, தையலருகே எழுத்துகள் இன்னும் ஒடுங்கித்தான் இருக்கின்றன. தாள் 60 பாகை சரிந்திருக்கும் இடத்தில் எழுத்தின் அகலம் பாதியாகத்தான் படத்தில் விழுந்திருக்கிறது. எழுத்துணரி மென்பொருள் தடுமாறுவதும் அந்த ஓரத்தில்தான்.

தாளை எப்படி வளைத்தாலும் அது நீள்வதில்லை, சுருங்குவதில்லை. உருளையாக வளைந்த பரப்பை எந்தச் சேதமும் இல்லாமல் சமமாக விரிக்கலாம், கோளத்தை அப்படி விரிக்கவே முடியாது என்பது 1827இல் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைப்பது. தட்டையான படத்தை நாம் வளைக்கும்போது ஒரு கோட்டைக் காப்பாற்றி மற்றவற்றை விட்டுக்கொடுத்தோம். புத்தகப் பக்கத்தில் எல்லாக் கோடுகளும் தம் நீளத்தோடு பத்திரமாக இருக்கின்றன. கேமராதான் அவற்றைக் குறுக்கிக் காட்டியது. ஸ்கேன் டெய்லர் போன்ற இலவச மென்பொருள்கள் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் வைத்துக்கொண்டு தாள் எங்கே எவ்வளவு சரிந்திருக்கிறது என்று கணித்து, வரியை நேராக்குவதோடு அகலத்தையும் மீட்டுக் கொடுக்கின்றன. அவை தானாகப் போடும் கோடுகள் சில பக்கங்களில் விலகியிருக்கும். அப்போது முதல் வரியின் தலையையும் கடைசி வரியின் அடியையும் பார்த்து, கையால் புள்ளிகளை நகர்த்திப் பொருத்துங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மென்பொருளால் மீட்க முடியாது. பாதி அகலத்தில் விழுந்த எழுத்துக்குப் பாதி பிக்சல்கள்தான் கிடைத்திருக்கும். இழுத்து அகலமாக்கினாலும் விடுபட்ட நுணுக்கம் திரும்பாது. அதனால் தையல் ஓரத்து எழுத்துக்குப் போதுமான பிக்சல் கிடைக்கிறதா என்று பார்த்துக் கேமராவின் தெளிவை முதலிலேயே கூட்டி வையுங்கள். வசதி இருந்தால் புத்தகத்தை முழுதாகத் திறக்காமல், வி வடிவத் தாங்கியில் பாதி திறந்த நிலையில் வைத்து, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனிக் கேமராவில் எடுங்கள். சரிவு குறையும், தையலுக்கும் நல்லது. நூறாண்டு கண்ட புத்தகத்தைக் கண்ணாடியால் அழுத்தித் தட்டையாக்கவே வேண்டாம். பக்கம் வளைந்தே இருக்கட்டும். நிமிர்த்தும் வேலையைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.